எருமையும் எஞ்சினும் புல்லும்: மாத்தளையிற் கை ட்ரக்டர் – ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் வீதியோரத்திலே, பழைய இரும்பு வாங்கும் கடையொன்றின் பின்முற்றத்தில், கொடி படர்ந்து கிடந்த இரு சில்லு ட்ரக்டர் ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. 2023ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக விடுமுறையில் என் தாய்மாமனுடன் அங்கு சென்றிருந்தேன். இரத்தோட்டைக்கு மேலே மாமாவுக்கு மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காணி உண்டு. தென்னையும் மிளகும் சிறிது கோப்பியும் கொண்ட அக்காணியிற் புல் வெட்டுவதற்குப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்குவதெனக் குடும்பத்தார் முடிவு செய்திருந்தனர். எதனை வாங்குவது என்பதில் மட்டும் ஒருவரோடு ஒருவர் உடன்படவில்லை. “கம்பசுக்குப் படிக்கப் போன பிள்ளை, பார்த்துச் சொல்லட்டுமே” என்று மாமி கூறியதன் பேரில், எஞ்சினின் உள்ளுறுப்புகள் எதனையும் அறியாத யானும் அக்குழுவிற் சேர்க்கப்பட்டேன்.

இயந்திரத்தை மதிப்பிடுதல் கைவினைஞரின் வேலை. கலைப்பீட மாணவர் அதிலே தலையிடுவது நகைப்புக்குரியதென்று அன்று எண்ணினேன். ஆயின், பார்த்த ஒவ்வோர் இயந்திரமும் ஒரு காலத்தின் பொருளாதாரக் கொள்கையைத் தன் உடலிலே தாங்கி நின்றது. எந்த நாட்டில் எந்தத் தேவைக்காக ஆக்கப்பட்டது, எக்காலத்தில் எச்சட்டத்தின் கீழ் இந்நாட்டுக்கு வந்தது, அதனை வாங்கும் தகுதி எவருக்கு இருந்தது, எவருக்கு மறுக்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை காணாமல் அதன் இன்றைய பெறுமதியை அறிய முடியாது என்பது படிப்படியாகப் புலனாயிற்று.

முதலிற் புல்லைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். மாத்தளை மாவட்டம் இயற்கையால் இரு கூறானது. தெற்கிலும் கிழக்கிலும் நக்கிள்ஸ் எனப்படும் தும்பர மலைத்தொடரும் அதன் சரிவுகளும் ஈரவலயத்தின் தன்மையுடையன. வடக்கே நாலந்தையைக் கடந்து தம்புள்ளை, கலேவெல ஆகிய பகுதிகளை அடைந்தால் வரண்ட வலயம் தொடங்குகின்றது. இவ்விரு கூறுகளுக்கும் பொதுவாயுள்ள பகை புல்லே. காடு அழிக்கப்பட்ட இடமெல்லாம் முதலில் வந்து குடியேறுவது இலுக்கு. மலைத்தொடரின் அப்பால் உள்ள பிட்டவல பத்தனைக்கு அருகில் இலுக்கும்புர என்றே ஓர் ஊர் உண்டு. அதன் பெயரிலே புல்லும் வயலும் இணைந்து நிற்பதைக் காணலாம். தீயிட்டாலும் அழியாத வேர்த்தண்டுடைய அப்புல்லோடு மனிதர் நடத்திய போராட்டத்தை எந்த இராசாவளியும் எழுதவில்லை.

பெருந்தோட்டத்தின் வருகையோடு இப்போராட்டம் கூலி உழைப்பாக மாறிற்று. 1830களின் பிற்பகுதியிலும் 1840களிலும் கண்டி, மாத்தளை மலைச்சரிவுகளிற் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து புறப்பட்டு மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டினூடாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து வந்த தொழிலாளர்க்கு மலையகத்தின் வாயிலாக அமைந்தது மாத்தளையே. வழியில் மாண்டோர் போக எஞ்சியோர் இளைப்பாறிய இடத்திலே மாரியம்மன் வழிபாடு வேரூன்றியமை அறிஞர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அவ்வாறு வந்தோர்க்குத் தோட்டத்திற் கிடைத்த வேலைகளுள் ஆண்டு முழுவதும் ஓயாதது புல்லெடுப்பு. கோப்பி பறிப்பதற்குப் பருவம் உண்டு. புல்லுக்குப் பருவம் இல்லை.

அக்காலத் துரைமார் “சுத்தக் களையெடுப்பு” என்பதை நல்ல தோட்டத்தின் இலக்கணமாகக் கருதினர். செடிகளுக்கிடையே ஒரு பச்சிலையும் தோன்றாத வண்ணம் மண்ணைச் சுரண்டி வைத்திருத்தல் வேண்டும். இதற்குப் பயன்பட்ட சிறு இரும்புக் கருவியைத் தமிழ்த் தொழிலாளர் “சுரண்டி” என்றனர். அச்சொல்லையே தோட்டத்து ஆங்கிலமும் கடன் வாங்கிக்கொண்டது. களையெடுப்பு ஏக்கர்க் கணக்கிற் கங்காணிமாரிடம் ஒப்பந்தமாக விடப்பட்டது. பெண்களும் சிறுவரும் குந்தியிருந்து வரிசை வரிசையாக நகர்ந்தனர். பெண்ணுக்குரிய நாட்கூலி ஆணினுடையதிலும் குறைவாக வைக்கப்பட்டிருந்தமையால், புல்லெடுப்பிற் பெண்களை அமர்த்துதல் தோட்டத்துக்கு இலாபமாயிற்று. பெருந்தோட்டத்தில் இருபாலாருக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இலேதான் நடைமுறைக்கு வந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் தகும்.

சுத்தக் களையெடுப்பின் விளைவை மலை தாங்கிக்கொண்டது என்று கூறுதற்கில்லை. மறைப்பற்ற சரிவின் மேல்மண் மழைதோறும் ஓடைகளுக்கும் சுதுகங்கைக்கும் சென்றது. 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது யாவரும் அறிந்த செய்தி. அதற்கு முன்பே மண் பாதி போய்விட்டது என்பது அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. கோப்பிக்குப் பின் கொக்கோவும் தேயிலையும் றப்பரும் மாத்தளையில் இடம்பிடித்தன. பயிர் மாறினும் சுரண்டி மாறவில்லை. மண்ணரிப்பைத் தடுத்தற்கென மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1951இலே.

இதே காலத்தில் இங்கிலாந்திலே புல்லின் கதை வேறாக இருந்தது. எட்வின் பட்டிங் என்பவர் குளொஸ்டர்ஷயர்ப் பகுதியிலுள்ள ஸ்ட்ரௌட்டில் 1830ஆம் ஆண்டு புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெசவாலையிற் கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள மயிரைக் கத்தரிக்கும் உருளைக் கத்தியைக் கண்டு, அதனையே புற்றரைக்கும் பயன்படுத்தலாமென அவருக்குத் தோன்றியது. அங்கே புல் அழகுக்காக வளர்க்கப்பட்டது. அதனை அளவாக வெட்டுதற்கு இயந்திரம் தேவைப்பட்டது. இங்கே கோப்பிக்காகப் புல் ஒழிக்கப்பட்டது; அதற்கு மனிதரே மலிவாகக் கிடைத்தனர். மலிவான மனித உழைப்பு உள்ள இடத்தில் இயந்திரம் வருவதற்குத் தாமதிக்கும் என்ற பொருளியல் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1902இற் பெற்றோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டிகளை ரான்சம்ஸ் கம்பனி விற்பனைக்கு ஆக்கத் தொடங்கிற்று. 1960களில் அமெரிக்காவின் புறநகர்களிலே, அமர்ந்து ஓட்டும் சிறு “தோட்ட ட்ரக்டர்” பெருவழக்காயிற்று. இன்டர்நாஷனல் ஹார்வெஸ்டரின் கப் கடெட் 1961இலும், ஜோன் டியரின் 110 என்னும் இயந்திரம் 1963இலும் சந்தைக்கு வந்தன. நாலு சில்லும் வயிற்றின்கீழ்ச் சுழலும் கத்தியும் உடைய அவை, சமதரையான புல்வெளியும் வார விடுமுறையும் உள்ள ஒரு சமூகத்தின் பிள்ளைகள். மாத்தளையில் அவற்றை நான் கண்டதில்லை.

மாத்தளைக்கு வந்த தோட்ட ட்ரக்டர் வேறொன்று. பின்னால் நடந்து கைப்பிடியாற் செலுத்தும் இரு சில்லு இயந்திரம் அது. அதன் வம்சம் நீண்டது. சுவிற்சர்லாந்தின் கொன்ராட் ஃபொன் மேயன்பேர்க் 1910ஐ அண்டிய ஆண்டுகளிற் சுழற்கலப்பைக்கு உரிமம் பெற்றார். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெஞ்சமின் கிரேவ்லி 1916இல் நடைத் தோட்ட இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவுஸ்திரேலியரான கிளிபர்ட் ஹவார்ட் 1920இல் ரோட்டவேட்டருக்கு உரிமம் கொண்டார். இங்கிலாந்தில் நொட்டிங்காமுக்கு அருகிலுள்ள ஹக்னல் என்னும் சிற்றூரிலே, பைரன் தோட்டப் பொறியியற் கம்பனி என்ற நிறுவனம் வீட்டுத் தோட்டங்களுக்கான இத்தகைய இயந்திரங்களை லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் ஆக்கிற்று.

இவ்விடத்திற் சிறிது விலகிச் செல்வதற்கு வாசகர் இடந்தரவேண்டும். ஹக்னல் தேவாலயத்திலேதான் கவிஞர் பைரன் 1824இல் அடக்கம் செய்யப்பட்டார். அப்பைரன் 1812ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையில் ஆற்றிய முதலாவது உரை, வேலையிழந்து பின்னல் இயந்திரங்களை உடைத்த நொட்டிங்காம் தொழிலாளர்க்குத் தூக்குத்தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து ஆற்றப்பட்டதாகும். இயந்திரத்தை உடைத்தவர்க்காக வாதாடிய கவிஞரின் பெயர் இயந்திரக் கம்பனியொன்றுக்குச் சூட்டப்பட்டதையும், அக்கம்பனியின் படைப்பு இலங்கையின் வயலுக்கு வந்து எருமையைப் பதவி நீக்கியதையும் எண்ணுமிடத்து, வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டென்றே கொள்ளவேண்டியுள்ளது.

லாண்ட்மாஸ்டர் இலங்கைக்கு வந்த கதையிற் றே விஜேவர்தனவின் பெயர் பிரிக்க முடியாதது. 1924இற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பொறியியல் கற்ற அவர், 1950களின் நடுப்பகுதியில் நெற்சேற்றுக்கு ஏற்றவாறு இரு சில்லு ட்ரக்டரை உருவாக்கினார். அதனை லாண்ட்மாஸ்டர்க் கம்பனி உற்பத்தி செய்தது. உலகின் முதலாவது இரு சில்லு ட்ரக்டர் இதுவே என்று பெருமையுடன் எழுதுவோர் உளர். மேலே கூறிய வம்சத்தை நோக்கின் அது பொருந்தாது. ஆங்கிலேயரின் காய்கறித் தோட்டத்துக்கென இருந்த ஓர் இயந்திர வகையை ஆசியச் சிறு விவசாயியின் சேற்றுவயலுக்கு உரியதாக்கியமையே அவருடைய உண்மையான சாதனை. அதனைச் சிறிதென்று எவரும் கூறார். இன்றும் இந்நாட்டில் எந்தக் கம்பனி செய்த கை ட்ரக்டராயினும் பேச்சுவழக்கில் அது “லாண்ட்மாஸ்டர்” என்றே சுட்டப்படுவதுண்டு. நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது.

மாவட்டத்தின் வடபகுதியில், குளத்துப் பாசனமுள்ள இடங்களிலே, கை ட்ரக்டர் விரைவிற் பரவியதில் வியப்பில்லை. எருமைக் கடா சேற்றை மிதித்துப் பதப்படுத்தப் பல நாள் எடுக்கும். நீர் திறக்கும் நாளோ எவருக்காகவும் காத்திராது. இரும்புக் கூண்டுச் சில்லு பூட்டிய ட்ரக்டர் அவ்வேலையை விரைந்து முடித்தது. வயல் வேலை முடிந்ததும் பின்னாலே பெட்டியைப் பூட்டினால் நெல் மூட்டைக்கும், திருவிழாவுக்குச் செல்லும் குடும்பத்துக்கும் அதுவே வாகனமாயிற்று. மாடு வளர்த்தோர் மேய்ச்சல் நிலத்தை இழந்தனர், எருமைப்பால் தயிர் குறைந்தது, எருவும் குறைந்தது. இவ்விழப்பை அன்று கணக்கிட்டவர் சிலரே.

ஆனால், இவ்வியந்திரம் எவருடைய கைக்குச் சென்றது என்ற வினாவே என் மனத்தை அதிகம் உறுத்துகின்றது. ட்ரக்டர் வாங்குவதற்குக் காணி வேண்டும், அல்லது காணியின் மேற் கடன் தரும் ஒரு நிறுவனம் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வழி வரண்ட வலயக் குடியேற்றங்களிற் சிறு விவசாயிகளுக்கு அரச காணி வழங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர் இதற்கு உரியராகார். நூறாண்டுக்கு மேலாக இம்மாவட்டத்தின் புல்லைச் சுரண்டியவர்கள் புல் முளைக்கும் ஓரடி நிலமும் இல்லாதோராக லயன் அறையில் இருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கடலுக்கு அப்பால் அனுப்பிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்திற் கண்டி, மாத்தளை மாவட்டத் தோட்டங்கள் கைமாறியபோது, வேலையும் அரிசியும் இன்றி வெளியேறி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றோர் பலர். என் பாட்டனாரின் சகோதரர் ஒருவரும் அவ்வாறு சென்றவரே. பிற்காலத்தில் அவர் வன்னியில் ஒரு லாண்ட்மாஸ்டருக்குச் சொந்தக்காரரானார் என்று வீட்டிற் சொல்வார்கள். மாத்தளையில் இருந்திருப்பின் அது நடந்திராது என்பதையும் கூடவே சொல்வார்கள்.

இயந்திரத்தின் வரலாற்றில் இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு தனி அதிகாரம். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டாற் தொடங்கிய கட்டுப்பாடு 1970–1977 காலத்தில் மிக இறுகியது. 1973இல் எண்ணெய் விலையும் ஏறிற்று. புதிய இயந்திரம் வருவது அரிதாயிற்று. பழையதன் உதிரிப்பாகமோ அதனினும் அரிது. இக்காலத்திலே தான் “பாஸ்” என்று மதிப்போடு அழைக்கப்படும் உள்ளூர் மெக்கானிக்குகளின் கைத்திறன் முழுமையாக வெளிப்பட்டது. லேத்தில் அச்சாணி கடைந்தனர். ஒன்றின் கியரை மற்றொன்றுக்குப் பொருத்தினர். தேய்ந்த கலப்பை அலகுக்கு லொறி வில்லை வெட்டி ஒட்டினர். 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானியக் குபோட்டா, யன்மார் முதலிய டீசல் இயந்திரங்கள் பெருகின. தண்ணீர்த் தொட்டியும் ஒற்றைச் சிலிண்டரும் உடைய அவை எண்ணெய்ச் சிக்கனத்தில் பழைய பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களை வென்றன. பின்னர் சீன இயந்திரங்கள் வந்தன. திறந்த சந்தையின் வருகையோடு 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் இந்நாட்டுத் தமிழர்மீது வந்தன. 1983 யூலையில் மாத்தளை நகரத் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மனின் தேர்களும் எரிந்தன. புதிய இயந்திரம் வாங்க முதல் சேர்த்தவர்களுட் சிலர் அம்முதலோடு நாட்டைவிட்டே சென்றனர்.

புல் வெட்டுவதற்கு இயந்திரம் வேண்டும் என்ற எண்ணம் சிறு காணிக்காரரிடையே பரவியது அண்மையிலே தான். இடைக்காலத்தில் அவ்வேலையைக் களைகொல்லி செய்துவந்தது. 2015இற் கிளைபோசேற்று தடை செய்யப்பட்டது. 2018இற் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் அத்தடை கைவிடப்பட்டது. இதனிடையே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2022இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்குச் சென்றுவிட்டமையாற் கூலிக்கு ஆளும் இல்லை. தோளில் மாட்டும் சிறு புல்வெட்டி மெசின் வீட்டுக்கு வீடு வந்தது. பழைய கை ட்ரக்டர்களின் விலை ஏறிற்று. 1970களின் மாணவர் ஒருவர் இதனைக் கண்டிருப்பின் பழைய படத்தை மறுமுறை பார்ப்பதாக உணர்ந்திருப்பார்.

மாமாவும் நானும் மூன்று இயந்திரங்களைப் பார்த்தோம். முதலாவது, முன்னே கூறிய கொடிபடர்ந்த பழைய ஆங்கிலேய லாண்ட்மாஸ்டர். வரலாற்று மாணவர் என்ற முறையில் எனக்கு அதன்மேற் பேராசை. எங்களோடு வந்த பாஸ் – உக்குவளையைச் சேர்ந்த முதியவர், தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்திற் கலந்து பேசுபவர் – அதனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “இத மியூசியத்துல வைக்கலாம் தம்பி. ஒரு சாமான் ஒடஞ்சா எங்க போய் எடுக்குறது?” என்றார். பழைய இயந்திரத்தைத் தெரிவு செய்வதில் முதல் வினா அதன் வயதன்று, அதன் உதிரிப்பாகம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதே என்று நான் அறிந்துகொண்டது அப்பொழுது. ஊரில் எவ்வியந்திரம் அதிகமோ அவ்வியந்திரமே நல்ல இயந்திரம்.

இரண்டாவது, யப்பானிலிருந்து பழையதாகவே இறக்குமதி செய்யப்பட்ட சிறு நாலு சில்லு ட்ரக்டர். ஆசனமும் பின்னாற் பூட்டும் புல்வெட்டியும் உண்டு. மாமாவின் மூத்த மகனுக்கு அதன்மேலேயே விருப்பம். செம்மையாக வர்ணம் பூசப்பட்டிருந்தது. பாஸ் வர்ணத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால்கலந்த தேநீர் போலிருந்தது. எண்ணெயிலே தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது என்றார். அதற்கு மேலாக ஒரு காரணமும் இருந்தது. பதினைந்து பாகைக்கு மேற்பட்ட சரிவிற் புல்வெட்டி ட்ரக்டரை அமர்ந்து ஓட்டலாகாதென்பது அவற்றின் கைநூல்களில் வழக்கமாகக் காணப்படும் எச்சரிக்கை. எங்கள் காணியின் மேற்பாதி அதனினும் சரிவானது. புரளும் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவர் அதன் அடியிலே கிடப்பார்.

மூன்றாவது, கலேவெலப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கொட்டிலில் நின்ற குபோட்டா கை ட்ரக்டர். வர்ணம் இல்லை, துரு உண்டு. நாங்கள் வருவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தோம். அதுவே பிழை என்று பாஸ் கடிந்துகொண்டார். எஞ்சின் சூடாயிருப்பின் வந்த வழியே திரும்பவேண்டும் என்பது அவர் விதி. சூடேற்றி வைத்த எஞ்சின் எவருக்கும் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். நல்லவேளையாக அது குளிர்ந்திருந்தது. சுழற்றுகோலால் மெல்லச் சுற்றி, அமுக்கம் கையைத் தள்ளுகிறதா என்று பார்த்தார். தொடங்கியபின் எழுந்த கரும்புகை சில கணத்திற் தெளிந்தது. நீலப்புகை நிலைத்திருப்பின் ரிங் தேய்ந்தது என்று கொள்ளவேண்டுமாம். சில்லைப் பிடித்து ஆட்டி அச்சின் தளர்வை நோக்கினார். பட்டிகளின் வெடிப்பை விரலால் தடவினார். புல்வெட்டும் தட்டின் கத்தியைக் கையாற் சுழற்றி, பெயரிங்கின் ஓசைக்குச் செவிகொடுத்தார். எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடும் வேலை எனக்குத் தரப்பட்டது. கல்வெட்டுப் படிக்கும் பயிற்சி துருப்பிடித்த இலக்கத்தை வாசிக்கப் பயன்பட்டது என்பதை எம் விரிவுரையாளர்களுக்கு அறியத் தருகின்றேன்.

கைப்பிடி இரண்டின் கீழும் உள்ள திருப்புக் கிளச்சுகளைப்பற்றி அவர் கூறியது இக்கட்டுரையின் மிக முக்கியமான செய்தியாகலாம். சமதரையில் வலக் கிளச்சை அழுத்தினால் வலச் சில்லுக்குச் செல்லும் விசை அறுந்து இயந்திரம் வலப்புறம் திரும்பும். இறக்கத்திலோ, விசையறுந்த சில்லை எஞ்சின் பிடித்து நிறுத்துவதில்லை. பாரம் அதனைத் தள்ள, அச்சில்லு மற்றதனினும் விரைந்து உருளும். எனவே வலத்தை அழுத்தியவன் இடப்புறம் இழுத்துச் செல்லப்படுவான். சமவெளி வயலுக்கென வகுக்கப்பட்ட ஓர் அமைப்பு மலையில் தலைகீழாகின்றது. பெட்டி பூட்டிய கை ட்ரக்டர் இறக்கத்திற் பள்ளத்தில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். தம் தம்பியை அவ்வாறு இழந்ததாகப் பாஸ் சொன்னார். மேற்கொண்டு எதுவும் கூறவில்லை. மாமா அன்றே ஒரு முடிவுக்கு வந்தார்: காணியின் கீழ்ப்பாதியில் மட்டும் ட்ரக்டர், மேற்பாதிக்கு அது ஏறாது.

கை ட்ரக்டரை உழுவதற்கன்றிப் புல் வெட்டுவதற்கு வாங்குதல் அதன் பிறப்பு நோக்கத்துக்கு மாறானதென்று எனக்கு முதலில் தோன்றியது. றே விஜேவர்தனவின் பிற்கால வாழ்வை அறிந்தபின் அக்கருத்தை மாற்றிக்கொண்டேன். 1964இல் ஹார்வார்ட் வணிகக் கல்லூரியிலே தம் ட்ரக்டரைப்பற்றி உரையாற்றியபோது எழுந்த ஒரு வினா, தாம் இயந்திரமயமாக்கியது விவசாயத்தை அன்று, எருமையை மட்டுமே என்று தம்மை உணரச்செய்ததாக அவர் கூறியதுண்டு. வெப்பவலய மண்ணை ஏன் உழவேண்டும் என்ற வினாவை அவர் அதன்பின் கைவிடவில்லை. உழுதல் பெரும்பாலும் களையை ஒழிப்பதற்கே. களையை வேறு வழியில் அடக்கினால் மண்ணைப் புரட்டி மழைக்குப் பலியிட வேண்டியதில்லை என்றார். நைஜீரியாவின் இபாடன் நகரிலுள்ள சர்வதேச வெப்பவலய விவசாய நிறுவகத்தில் 1970களின் பிற்பகுதியிற் பணியாற்றி, உழாத வேளாண்மைக்கான எளிய கருவிகளை ஆக்கினார். 1984இல் வைத்தியநாதவுடன் சேர்ந்து சிறு விவசாயிகளுக்கான மண்பேண் வேளாண்மை பற்றி நூலொன்றை வெளியிட்டார். சரிவிலே சம உயரக் கோட்டில் சீமைக்கிளுவையை, அதாவது கிளிரிசிடியாவை, வேலியாக நட்டு, அதன் தழையை மண்ணின்மேற் பரப்பும் முறையை 2010இல் மறையும்வரை வற்புறுத்தினார். ட்ரக்டர் தந்தவரே ட்ரக்டரின் கலப்பையை மறுத்தார் என்பது இந்நாட்டுத் தொழினுட்ப வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. தம் வெற்றியைத் தாமே ஐயுறும் துணிவு அறிஞர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மாத்தளையில் மிளகுக்கொடி படர்வது இந்தக் கிளிரிசிடியா மரத்திலேதான். புல்லை வேரோடு சுரண்டாது, தரைக்கு மேல் சில அங்குலம் விட்டு வெட்டி, வெட்டியதை மிளகடியிலும் தென்னையடியிலும் இடுவதாயின், வேர் மண்ணைப் பிடித்திருக்கும், தழை ஈரத்தைக் காக்கும். சுரண்டியால் ஒரு நூற்றாண்டு செய்த பிழைக்கு இது ஓரளவு பரிகாரம் எனலாம். அவ்வகையில், கலப்பை கழற்றிப் புல்வெட்டித் தட்டுப் பூட்டிய பழைய கை ட்ரக்டர், அதனை உருவாக்கியவரின் பிற்காலச் சிந்தனைக்குப் புதிய ட்ரக்டரைக் காட்டிலும் நெருங்கி நிற்கின்றது.

குபோட்டாவையே வாங்கினோம். விலை பேசும்போது உரிமையாளரின் வயது முதிர்ந்த தாயார் வெளியே வந்து, அதனாற் தான் தன் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்ததாகச் சிங்களத்திற் கூறினார். மாமா அதன்பின் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. பாஸ் வழியெல்லாம் அதற்காக முறுமுறுத்தார்.

பதிவுப் புத்தகம் இப்பொழுது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. முதற் பதிவு 1981. அதன்பின் நான்கு உரிமையாளர். பெயர்களை ஈண்டுத் தருதல் முறையன்று. தம்புள்ளை, நாவுல, மீண்டும் தம்புள்ளை, கலேவெல என ஊர்கள் மாறுகின்றன. மூவர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம். ஐந்தாவது வரியில் மாமாவின் பெயர். எங்கள் குடும்பத்தில் வாகனப் பதிவுப் புத்தகமொன்றில் எழுதப்பட்ட முதலாவது பெயர் அது. மாமா அப்பக்கத்தை நிழற்படப் பிரதி எடுத்து வைத்திருக்கின்றார்.

காணியின் மேற்பாதியில் மாமி இன்னும் கத்தியாற் தான் புல் வெட்டுகின்றார். தோள் மெசின் வாங்கித் தருவதாக மகன் சொன்னதற்கு, அதன் இரைச்சலிற் பாம்பின் அரவம் கேட்காது என்று மறுத்துவிட்டார்.